பாட்டனாரும் பாடும்

பழவேற்காட்டுக்கு வருவோர் தவறாமல் சென்று காண்பது டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம். 1613-இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி வாணிபம் நடத்திய கூட்டத்தார் துயிலும் இடம் அது. வாயிலிலே எலும்புக்கூட்டுச் சிலைகள். உள்ளே பெயரும் குலச்சின்னமும் அழகுறச் செதுக்கிய கற்கள். பதினேழாம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை எளியோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டனரே, அந்தக் கொடுமையை அங்குள்ள எந்தக் கல்லிலும் நாம் படித்ததில்லை. மாண்டோரைப்பற்றி நல்லதையே பொறிப்பது உலக வழக்கம்!

அந்த வழக்கம் சரிதானா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய நாளும் வந்தது. சென்ற ஆண்டு நம் பாட்டனார் மறைந்தார்.

ஏரிக்கரைக் குப்பத்திலே பிறந்து, ஏரியிலேயே உழைத்து ஓய்ந்தவர் அவர். பள்ளி வாயிலை மிதிக்காதவர். ஆனால் பேரப்பிள்ளைகளைக் கல்லூரி வரை அனுப்பியவர். ஆயா மீன்கூடையைத் தலையிலே சுமந்து திரும்பும்வரை உலையை அணையாது காத்திருந்து, அவர் உண்டபின் உண்டவர். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, தம் வலை போனதற்கு அழாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தோளிலே சுமந்து மேட்டுக்கு ஓடியவர். அவர் மடியிலே வளர்ந்த நமக்கு அன்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தெரியாது.

அவரிடம் நாம் கற்ற நீதி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'. முகத்துவாரத்தை ஒட்டிய நீரிலே இறால் மிகுதி. விலகிச் சென்றால் குறைவு. வலியவன் நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் எளியவன் என்னாவான்? ஆகவே முன்னோர் ஒரு முறை வகுத்தனர். வலை கட்டும் இடங்களை எண்ணி, சீட்டுப் போட்டு, முறை வைத்து மாறி மாறிக் கட்டினர். இன்று எனக்கு வாய்த்த இடம் நாளை உனக்கு. இன்றைய உன் குறை நாளை என் குறை. காவலரும் இல்லை, கச்சேரியும் இல்லை. ஊர் கூடிச் சொன்ன சொல்லே சட்டம்! தம் முறை வந்த நாளிலே, நோயில் கிடந்த அண்டை வீட்டாருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கரையேறிய பாட்டனாரை நாம் கண்டதுண்டு.

இன்னொன்றையும் கண்டோம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நமக்குப் பத்து வயதிருக்கும். அவரோடு படகிலிருந்தோம். இடுப்பளவு நீரிலே, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் இருளர் குலத்துப் பெண்ணொருவர். வலையில்லை, படகில்லை, பத்து விரல்களே கருவி. பாட்டனார் குரலுயர்த்தினார்: "இது பாட்டுத் தண்ணி. அப்பால போ!" அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. தலை கவிழ்ந்து விலகிச் சென்றார். அன்றிரவு நமக்குக் கிடைத்த இறால் குழம்பு சுவையாகவே இருந்தது. அந்தச் சுவைதான் இன்று நம்மை உறுத்துகிறது.

பட்டியலிலே பெயர் ஏறப் பட்டினவர் குலத்திலே ஆணாய்ப் பிறந்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் அத்துணை நீதி. வட்டத்துக்கு வெளியே 'அப்பால போ!' வாழ்நாளெல்லாம் மீன் சுமந்த நம் ஆயாவுக்கே பட்டியலில் இடமில்லை என்றால், அந்தப் பெண்ணுக்கு ஏது?

கருமாதி அன்று இதைச் சொன்னோம். உறவினர் ஒருவர் கொதித்தார்: "செத்தவரைச் சந்தியிலே நிறுத்துகிறாயா? அவர் காலம் அப்படி!"

காலமா? 1927-இல் மகாடு நகரத்துக் குளத்திலே அம்பேத்கர் இறங்கி நீரள்ளிப் பருகினாரே, பாட்டனார் பிறப்பதற்கு முன்பே நடந்ததல்லவா அது? காலம் ஒருவர் தவற்றை விளக்கலாம், தவற்றைச் சரியாக்கிவிடாது.

இன்னொருவர் நிதானமாகக் கேட்டார்: "எல்லாரையும் விட்டால் ஏரியிலே என்ன மிஞ்சும்?" இது மதிக்கத்தக்க கேள்வி. வரம்பு வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. துருக்கி நாட்டு அலன்யா என்னும் ஊரிலும் மீனவர் சீட்டுப் போட்டு, இடம் மாற்றி மாற்றி வலை விரித்தனர். பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், 1990-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்குகிறார்; 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அங்கே பட்டியலில் இடம்பெறத் தேவையாயிருந்தது உரிமம்; குலமல்ல! வலைக்கு வரம்பு வையுங்கள், நாளுக்கு வரம்பு வையுங்கள். பிறப்பை வரம்பாக்குவது ஏன் என்றே கேட்கிறோம்.

அப்படியானால் பாட்டனாரை வெறுக்கிறோமா? இல்லை, தோழர்களே! முறை தவறுவது பாவம் என்று நமக்குச் சொன்னவர் அவர். அவர் தந்த அளவுகோலைக் கொண்டே அவரை அளக்கிறோம். அவர் குறையை மறைத்து வணங்கினால், அவரைக் கல்லாக்கிக் கல்லறைத் தோட்டத்திலே நட்டவர்களாவோம். அறிந்து நேசித்தால், அவர் நிறுத்திய இடத்திலிருந்து நாம் நடக்கலாம்.

நாம் பாடம் சொல்லும் வகுப்பிலே இருளர் குலத்துச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். சென்ற வாரம் பாட்டுமுறையை விளக்கினோம். "ஐயா, எங்க ஆத்தாவுக்கு எப்போ முறை வரும்?" என்று கேட்டான். நம்மிடம் விடையில்லை.

ஆண்டு நினைவு நாள் நெருங்குகிறது. காக்கைக்குச் சோறு வைக்கக் கூப்பிடுவார்கள். நாம் அந்தச் சிறுவனின் கேள்வியை ஊர்க்கூட்டத்திலே வைக்கப்போகிறோம். பாட்டனார் இருந்திருந்தால் முதலில் சினந்திருப்பார். பின்னர், முறை என்று வந்துவிட்டால் மறுக்கத் தெரியாதவர் அவர், யோசித்திருப்பார். அந்த நம்பிக்கையே நாம் அவருக்குச் செய்யும் படையல்.