சித்தப்பாவுக்கு ஒரு வேலை

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே கல்யாணம். வீடியோ விளக்குக்குப் போன மின்கம்பியில் பிடித்த தீ ஓலைக்குத் தாவியது. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பந்தியில் இலைக்கு இலை அப்பளம் விழுந்ததா என்று பார்க்க ஆள் வைக்கிறோம். பின்வாசல் திறந்திருக்கிறதா, அதை அடைத்து நாற்காலி அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க ஆளில்லை. சாவி வாட்ச்மேன் இடுப்பில். அவரோ டீ குடிக்கப் போயிருப்பார்! முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு சித்தப்பாவிடம் இதை ஒப்படைக்கலாம். கோபித்துக்கொள்ளவும் அவருக்கு நேரமிருக்காது. சமையல்கட்டில் யார் கையிலாவது கொதிக்கும் சாம்பார் கொட்டினால் பற்பசை, இட்லி மாவு எதுவும் பூச வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.