பொதியும் முகமும்

ரமழானில் உலர் உணவுப் பொதி கொடுப்பவருக்கு நிய்யத் (எண்ணம்) சுத்தமாக இருந்தால் போதுமா, பொதி கைமாறும் விதத்துக்கும் அவர் பொறுப்பாளியா என்பது பழைய கேள்வி. யாழ்ப்பாணம் சோனகதெருவில் அதற்குக் கூர்மை அதிகம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். நகைக்கடையும் இரும்புக்கடையும் நடத்தி, ஸகாத் கொடுத்துப் பழகிய பலர் புத்தளம் முகாம்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பங்களில் இன்னும் வாங்கும் நிலையில் இருப்பவை உண்டு. அவர்களைப் பள்ளிவாசல் வாசலில் மறுபடி வரிசையில் நிறுத்துவது சின்ன விஷயமல்ல.

பகிரங்கமாகக் கொடுப்பதைக் குர்ஆன் தடுக்கவில்லை. மறைத்துக் கொடுப்பது மேல் என்கிறது. சொல்லிக்காட்டி நோவித்தால் தர்மமே பாழ் என்றும் எச்சரிக்கிறது. பலர் தடுமாறும் இடம் இதுதான். பகிரங்கத்துக்கான அனுமதி கொடுப்பவர் தன் கொடையை வெளியே காட்டுவதற்கு. அதுவும் பிறரைத் தூண்டும் என்பதற்காக. வாங்குபவரின் வறுமையைக் காட்ட அது உரிமை தராது. லண்டனிலிருந்தோ கட்டாரிலிருந்தோ காசு அனுப்புபவர் கணக்குக் கேட்பது நியாயம், ஏமாற்று வேலையும் நடப்பதுதான். ஆனால் கடைச் சிட்டையும் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கையொப்பமும் அந்தக் கணக்கைத் தந்துவிடும். பொதியை ஏந்தி, கமெராவைப் பார்க்காமல் முந்தானையை இழுத்துவிடும் பெண்ணின் படம் எதற்கு?

நிய்யத் சின்னச் சின்ன முடிவுகளில்தான் வெளிப்படும், பித்ராவை எப்போது சேர்ப்பது என்பது போல. ஷாபிஈ மத்ஹபின்படி நோன்புப் பெருநாள் தர்மமான பித்ரா ஆளுக்கு ஒரு ஸாஉ, சுமார் இரண்டரைக் கிலோ, ஊரார் உண்ணும் தானியமாகவே கொடுக்கப்பட வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் அது சேர்வதே சிறப்பு. நோன்பு தொடங்கியதிலிருந்தே கொடுக்கலாம். பெருநாள் காலையில் அவசரமாக வரும் அரிசியால் கடமை நிறைவேறும், ஆனால் அன்றைய சமையலுக்கு அது உதவாமல் போகலாம். இரண்டு நாள் முந்திச் சேர்த்தால் அந்த வீடும் ஆறுதலாகப் பெருநாளுக்கு ஆயத்தமாகும்.

தராவீஹ் முடிந்து இருட்டில் வீடுவீடாகப் பொதி சேர்க்க ஆளும் எரிபொருளும் வேண்டும். வாசலில் வரிசை வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும் என்பது உண்மைதான். ஆனால் வீடுவீடாகக் கொண்டுபோகக் கூலிக்கு ஆள் வைக்கலாம். ஸகாத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினருள் அதற்காக உழைப்பவர்களையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. ஆகவே கொண்டுபோய்க் கொடுப்பவர் கூலி வாங்கினால் நன்மை குறையும் என்ற பேச்சுக்கு இடமில்லை. பொதியின் செலவோடு அந்தக் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.