மரியா திரும்பி வந்த பிறகும்

பழிவாங்குகிறவன் யாருக்காகக் கொல்கிறான்? இறந்தவர்களுக்காக என்பதுதான் அவன் எப்போதும் சொல்லும் பதில். அதைச் சோதித்துப் பார்க்க வழி இல்லை. இறந்தவர்கள் எழுந்து வந்து சாட்சி சொல்வதில்லை. 2022 மார்ச்சில் மார்வெல் நிறுவனம் 'பனிஷர்' காமிக்ஸ் தொடரை மறுபடியும் முதல் இதழிலிருந்து தொடங்கியபோது, எழுத்தாளர் ஜேசன் ஆரன் அந்தச் சோதனைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பனிஷரின் கொலையுண்ட மனைவி மரியாவை இதழின் முடிவில் உயிரோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒரு முதல் இதழை எடைபோட ஓவியம், வேகம், சண்டைக் காட்சி என எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. எனக்கு இங்கே ஒன்றுதான் முதன்மையாகப் படுகிறது. யாருக்காகக் கொன்றானோ அவள் வந்துவிட்டாள். இன்னும் ஏன் கொல்கிறான்?

பனிஷர் என்னும் ஃபிராங்க் காஸில் 1974இல் ஸ்பைடர்மேன் கதையொன்றில், ஜெர்ரி கான்வேயின் எழுத்தில், ஸ்பைடர்மேனைக் கொல்ல வந்தவனாக அறிமுகமானான். வியட்நாம் போரில் இருந்தவன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மாஃபியா கும்பலின் துப்பாக்கிக்கு மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன். அதற்கும் முன்பு அவன் கத்தோலிக்கக் குருவாகப் படித்ததாகவும், தீமை செய்தவர்களை மன்னிக்க முடியாமல் அந்தப் படிப்பை விட்டதாகவும் பின்னால் வந்த ஒரு கதை சேர்த்துக்கொண்டது. போகிறபோக்கில் சேர்த்த விவரமாகத் தோன்றலாம். இந்தப் பாத்திரத்தின் முடிச்சே அதுதான் என்பேன். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே தண்டிக்கும் வாளை ஆட்சியாளனின் கையில் வைக்கிறார். 1689இல் தத்துவவாதி ஜான் லாக் வேறு பாதையில் நடந்து ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார். அரசு இல்லாத நிலையில் தண்டிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்கிறவன் நடுநிலை தவறுவான் என்பதால் பொதுவான நீதிபதி தேவை என்றார். காஸில் கடவுளிடமும் விடவில்லை, நீதிமன்றத்திடமும் விடவில்லை. குருத்துவத்தைத் துறந்தவன் இன்னொரு குருத்துவத்தைத் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்டான். பலி உண்டு, உடை உண்டு, நெஞ்சில் மண்டையோட்டுச் சின்னம் உண்டு. இவை யாருக்கு என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஆரன் அந்தக் குருத்துவத்துக்கு ஒரு கோவிலையே கட்டிக் கொடுக்கிறார். 'ஹேண்ட்' மார்வெல் கதைகளில் நெடுங்காலமாக வரும் நிஞ்சா கூட்டம். 'பீஸ்ட்' என்னும் அசுர சக்தியை வழிபடுவது, செத்தவர்களை எழுப்பத் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குக் காஸில் இப்போது தலைவன். துப்பாக்கியோடு வாளும் கைக்கு வந்துவிட்டது, மண்டையோட்டுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. இன்றைய காட்சிகளை ஹெசூஸ் சாயிஸும் கடந்த காலத்தைப் பால் அசசெட்டாவும் வரைந்திருக்கிறார்கள். சாயிஸின் பக்கங்களில் ரத்தம்கூடச் சடங்குப் பொருள்போல ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்குதான் என்னை அச்சுறுத்தியது. இவனுடைய வேலை ஆத்திரத்தைக் கடந்து வழிபாடாகிவிட்டதை வசனம் சொல்வதற்கு முன்பே ஓவியம் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மரியாவை எழுப்பித் தந்ததற்கு அவன் விலை கொடுக்கிறான், அதனால்தான் கொலை தொடர்கிறது, இதில் மர்மம் என்ன என்று கேட்கலாம். கோரிக்கை நிறைவேறியபின் நேர்த்திக்கடன் செலுத்துவதுபோல. ஆனால் நேர்த்திக்கடன் செலுத்துகிறவன் தனக்கு அருமையான ஒன்றை விட்டுக்கொடுக்கிறான். காஸில் எதை விட்டுக்கொடுத்தான்? எந்த வரமும் கேட்காமல் இத்தனை காலம் செய்த அதே வேலையைத்தான் இப்போதும் செய்கிறான். மனைவி இறந்தபோதும் கொன்றான், திரும்பி வந்த பிறகும் கொல்கிறான் என்றால் அவளுடைய மரணத்தை இதற்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. துக்கம் வாசலாக இருந்திருக்கலாம். உள்ளே குடியிருப்பது வேறு. இந்த இதழின் தத்துவ மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு காமிக்ஸுக்கு இத்தனை விசாரணையா என்பவர்கள் அந்த மண்டையோடு எங்கெல்லாம் போனது என்று பார்க்க வேண்டும். இராக்கில் போரிட்ட அமெரிக்க வீரர்களின் உடையில் இருந்தது, போலீஸ் வாகனங்களில் ஒட்டப்பட்டது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அதை அணிந்தவர்கள் இருந்தார்கள். சட்டத்தின் வாளை ஏந்தியவனே சட்டத்தைக் கைவிட்டவனின் சின்னத்தை அணிகிறான். 2019இல் மேத்யூ ரோசன்பெர்க் எழுதிய இதழில், காஸிலே போலீஸ்காரர்களிடம் அந்த ஸ்டிக்கரைக் கிழித்தெறிந்து, முன்மாதிரி வேண்டுமானால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். பாத்திரத்தை உருவாக்கிய கான்வேயும் இந்தப் பயன்பாட்டை வெளிப்படையாகக் கண்டித்தவர். ஆகவே சின்னத்தை மாற்றியது வியாபாரப் பயம்தான் என்று பழைய வாசகர்கள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. பயம் இருந்திருக்கலாம். பயத்தில் எடுத்த முடிவிலிருந்து நல்ல கேள்வி பிறக்கக்கூடாது என்று விதி இல்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கொலையை வழிபாடாகக் காட்ட ஆரனுக்கு ஜப்பானிய மறைகூட்டமும் கொம்பு வைத்த முகமும் தேவைப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தெருவில், அமெரிக்கத் துப்பாக்கியோடு, அமெரிக்க வாசகரின் கைதட்டலோடு நடந்த வழிபாடு இது. அதைக் கிழக்கத்திய அசுரனின் கணக்கில் எழுதும்போது, ஸ்டிக்கர் ஒட்டியவர் இது தன்னைப் பற்றியதல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிட முடிகிறது. கேள்வி கூர்மையானது; அதை வைத்த இடம் பாதுகாப்பானது. ஓர் இதழை வைத்து ஒரு தொடரைத் தீர்மானிக்கலாமா என்றால், தொடரை நான் தீர்மானிக்கவில்லை. கதை போகும் திசை பின்னால் மாறியிருக்கலாம். முதல் இதழ் எந்தக் கேள்வியோடு கதவைத் திறக்கிறது என்பது அந்த இதழுக்குள்ளேயே முடிந்துபோன காரியம். அந்த அளவில் இதை வெற்றி என்றே சொல்வேன். பல பத்தாண்டுகள் பிறர் செய்யும் கொலைக்குக் காரணமாக மட்டுமே இருந்த ஒரு பெண், அந்தக் காரணத்தை மறுக்கக்கூடிய இடத்துக்கு இதில்தான் வந்து சேர்ந்திருக்கிறாள்.