தொலைவும் கடமையும்

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே 2,180. விமானம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. 1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இன்றும் ஏறத்தாழ 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இக்கணக்கைக் கொண்டு ஒருவருடைய கடமையை அளக்கலாமா என்பதே நம் ஐயம்.

ஊரில் தாய் மரணப்படுக்கையில் கிடக்கிறாள் என்று செய்தி வருகிறது. முன்னாளில் தந்தி கண்டு புறப்பட்டவன், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆயினும் ஊரார் குறை கூறவில்லை. 'பாவம், தில்லியிலிருந்து வரவேண்டுமே' என்றார்கள். தொலைவு துயரமாக இருந்தது, மன்னிப்பாகவும் இருந்தது. விமானம் அம்மன்னிப்பைப் பறித்துக்கொண்டது. 'மூன்று மணி நேரத்தில் வரக்கூடியவர் ஏன் வரவில்லை?' என்று இப்போது கேட்கிறார்கள்.

நம்மைப் போன்ற அரசு ஊழியரை அப்படிக் கேட்கலாம். நமக்கு ஈட்டிய விடுப்பு உண்டு. மாதச் சம்பளம் தவறாது. நாம் போகவில்லையென்றால் பெரும்பாலும் மனமில்லை என்றே பொருள். (கோப்புகள் நம்மை விடவில்லை என்பதை நம் மேசையே நம்பாது.)

மதராசி கேம்ப் மக்களையும் அவ்வாறே கேட்கலாமா? ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம், நிஜாமுதீன் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே அவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். பெண்கள் பலர் சுற்றுப்புறங்களில் வீட்டு வேலை செய்து பிழைத்தார்கள். அத்தகைய பெண்மணி ஒருவர் விமானத்தில் போவதென்றால், கடைசி நேரச் சீட்டின் விலை ஒரு மாத வருவாயை விழுங்கிவிடக்கூடும். மீனம்பாக்கத்தில் இறங்கினாலும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு இன்னும் அரைநாள் பேருந்துப் பயணம். திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்பது வேறு கவலை. இப்படிப்பட்ட குடியிருப்புகளில் அதற்கும் ஒரு வழி இருந்தது: பக்கத்து வீட்டுக்காரி அவருடைய வேலையைப் பார்த்துக்கொள்வாள், வழிச்செலவுக்குக் கைமாற்றும் கிடைக்கும்.

உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூனில் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கிருந்து பேருந்து மாறி ஜங்புராவுக்கு வந்து திரும்புவதற்குள், சென்னை விமானம் தரையிறங்கிப் பயணிகளும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அண்டை அயலாரும் சிதறிவிட்டார்கள். வீடு மாறியதில் ஊருக்குப் போகும் வழியும் நீண்டுவிட்டது என்றே நாம் கருதுகிறோம். இரயில் கட்டணம் கூடியதால் நேர்ந்ததன்று இது.

ஆகவே 'ஏன் வரவில்லை' என்று ஊரார் அவரைக் கேட்குமுன், அவர் பாத்திரம் துலக்கும் வீடுகளைக் கேட்க வேண்டும். அவற்றுள் தமிழர் வீடுகளும் உண்டு. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், ஊரில் நான்கு நாள். ஆக எட்டு நாள். அந்த எட்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல், வேறு ஆளை அமர்த்திக்கொள்ளாமல் இருப்பது நம் மாதக் கணக்கில் பெருந்தொகையன்று.