மதிலுக்கு உள்ளே ஒரு ஜாகை

திருப்பதிக்குப் புறப்படுகிறவர்களைப் பார்த்து, "மேலே தங்குகிறீர்களா, கீழேயா?" என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். திருப்பதி ரயில்கள் எங்கள் அண்ணனூரைத் தாண்டித்தான் போகின்றன. இங்கே நிற்பதில்லை என்றாலும், போகிற வண்டியைப் பார்த்து இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போடுகிற பெரியவர்கள் பிளாட்பாரத்தில் உண்டு. மேலே அறை கிடைத்தவர் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு இருக்கும். கீழே தங்குகிறவர், "மேலே ஒரே கூட்டம் சார், கீழேதான் சௌகரியம்" என்று கேட்காமலே காரணம் சொல்லுவார். மேலே தங்குகிறவர் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

மலைமேல் உள்ள அறைகளில் பெரும்பாலானவற்றைத் தேவஸ்தானமே நடத்துகிறது. சில மடங்களும் இடம் வைத்திருக்கின்றன. கீழே நகரத்திலோ வசதியுள்ளவர்கள் எல்லாம் லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். சந்நிதிக்கு உரியவரே ஜாகைக்கும் உரியவராக இருப்பது ஓர் ஏற்பாடு. சந்நிதிக்கு வெளியே ஊர் தன் போக்கில் விடுதி கட்டிக்கொள்வது இன்னோர் ஏற்பாடு. இந்த இரண்டு ஏற்பாடுகளும் இன்று கேளிக்கைப் பூங்காக்களுக்கும் வந்துவிட்டன. பெருமாளையும் ராட்டினத்தையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது படுக்கையைப் பற்றி மட்டும். லீவுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிற குடும்பம், பூங்காவின் மதிலுக்கு உள்ளேயே அறை எடுப்பதா, வெளியே மலிவாக ஒரு லாட்ஜ் பார்ப்பதா? எல்லோரும் இதைக் கூட்டல் கழித்தல் கணக்காகவே போடுகிறார்கள். எனக்கு என்னவோ இதில் நியாய அநியாயக் கணக்கும் ஒன்று இருப்பதாகப் படுகிறது.

பூங்கா விஷயத்தில் இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியவர் வால்ட் டிஸ்னி. 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் அவர் தம் பூங்காவைத் திறந்தார். பூங்காவைக் கட்டிய செலவிலேயே கை வறண்டு போயிற்று; விடுதி கட்டப் பணமில்லை. அந்தப் பொறுப்பை ஜாக் ராதர் என்ற டெலிவிஷன் தயாரிப்பாளரிடம் விட்டார். ராதர் அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலாண்ட் ஹோட்டலைத் திறந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பூங்காவைச் சுற்றி மோட்டல் மோட்டலாகக் கட்டினார்கள். கூட்டத்தை வரவழைத்தது டிஸ்னி. அந்தக் கூட்டத்தின் காசில் பெரும் பகுதி மதிலுக்கு வெளியே போயிற்று. இது அவருக்கு ஆறாத மனக்குறை. ஆகவே அடுத்த முறை, 1960-களின் நடுவில், ஃபிளாரிடாவில் தம் பெயர் வெளியே தெரியாமல் வேறு வேறு கம்பெனிகளின் பெயரில் 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். 1966-ல் காலமாகிவிட்டார். 1971 அக்டோபர் 1-ந் தேதி அந்த இரண்டாவது பூங்கா திறந்தபோது கம்பெனியின் சொந்த விடுதிகள் இரண்டு தயாராக இருந்தன. அவற்றில் ஒன்றில் ஒற்றைத் தண்டவாள ரயில் கட்டடத்துக்கு நடுவிலேயே புகுந்து போகிறது! அனஹைமில் இருந்த பழைய ஹோட்டலையும் 1988-ல் டிஸ்னி கம்பெனியே வாங்கிக்கொண்டது.

ஆக, மதிலுக்கு உள்ளே அறை என்ற யோசனை விருந்தாளியின் கால்வலியை எண்ணிப் பிறந்தது அல்ல. உள்ளே தூங்குகிறவன் உள்ளேயே சாப்பிடுவான் என்ற வியாபார ஞானத்தில் பிறந்தது. இதைச் சொன்னவுடன் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரர் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவது நம் மேல் உள்ள பிரியத்தினால் அல்ல. அதற்காக டீ ஆறியா போய்விடுகிறது?

பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் அருகே குயீன்ஸ்லாண்ட் பூங்காவுக்கு எங்கள் தெருக் குழந்தைகளோடு ஒரு முறை போயிருக்கிறேன். காலையில் போய் இரவில் வீடு திரும்பிவிடலாம். ஜாகைப் பிரச்சினையே இல்லை. அங்கே என் கண்ணில் நிலைத்தது ராட்டினங்கள் அல்ல, நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள். ஒவ்வொருவரைச் சுற்றியும் நாலைந்து பைகள், ஈரத் துண்டுகள், செருப்புகள், கைபேசிகள், யாரோ கழற்றிக் கொடுத்த மூக்குக் கண்ணாடி. குடும்பத்துக்கு ஒருவர் பைக்குக் காவல். அவர்களும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருந்தார்கள். இந்த மாதிரிப் பூங்காக்களில் பூட்டுப்பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அம்மாவோ பாட்டியோ சும்மா கிடைக்கும்போது பெட்டிக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

எங்கள் தெருவில் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இப்போது நம் சென்னைக்கே ஒரு வொண்டர்லா வந்துவிட்டது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நண்பர் குடும்பத்தோடு பெங்களூர் வொண்டர்லாவுக்குப் போகத் திட்டமிட்டார். பெங்களூர் என்று பெயரே ஒழிய, அது மைசூர் ரோட்டில் பிடதிக்கு அருகில், நகரத்திலிருந்து 28 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூங்காவைத் திறந்தது 2005-ல்; 2012-ல் பக்கத்திலேயே 84 அறைகளோடு சொந்த விடுதியும் கட்டினார்கள். நண்பர், மனைவி, இரண்டு பிள்ளைகள், நண்பரின் தாயார் என்று ஐந்து பேர். தாயாருக்கு 70 வயது. முழங்கால் சரியாக மடங்காது. நண்பர் என்னிடம் யோசனை கேட்க வந்தபோதே கையில் கணக்கு இருந்தது. வெளியே லாட்ஜுக்கு ஆகிற தொகை, உள்ளே ஆகிற தொகை, வித்தியாசம், அதில் ஆட்டோச் செலவு போக மிச்சம்.

"மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் அம்மா எங்கே இருப்பார்?" என்று கேட்டேன்.

அவர் கணக்கில் அந்த வரி இல்லை. வெளியே ஜாகை என்றால், நடுப்பகலில் கிழவி களைத்துப்போனதும் யாராவது உடன் திரும்ப வேண்டும். திரும்ப யாருக்கும் மனம் வராது. கிழவியும் கேட்கமாட்டாள். நம் வீட்டுப் பெரியவர்கள், "எனக்கு ஒரு சிரமமும் இல்லை, நீங்கள் போய்ச் சந்தோஷமாக விளையாடிவிட்டு வாருங்கள்" என்றுதான் சொல்லுவார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே நம்பிவிடுவது நமக்கு மிகவும் லாபகரமானது. ஆகையால் அந்த வாடகை வித்தியாசத்தை ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கிட்டுப் பார்ப்பது தப்புக் கணக்கு. பைக்குக் காவல் உட்காரப் போகிறவர் யாரோ, அவருக்காகக் கொடுக்கிற தொகை அது. கையில் பணம் இல்லாதவனை நான் குறை சொல்லவில்லை. இருந்தும் மிச்சம் பிடிக்கிறவன், அந்த மிச்சம் யாருடைய முழங்காலிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பிடிக்கட்டும்.

நண்பர் உள்ளேயே அறை எடுத்தார். நான் எதிர்பார்த்தது ஒன்று, அங்கே நடந்தது ஒன்று. மத்தியானச் சாப்பாடு ஆனதும் தாயார், துணைக்கு வேண்டும் என்று மருமகளையும் அழைத்துக்கொண்டு அறைக்குப் போனாராம். போனவர் படுக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கியது மருமகள். முழுசாக இரண்டு மணி நேரம். "எழுப்பலாம் என்று போனேன் சார். அம்மா வாயைத் திறக்காமல் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்கள்" என்று நண்பர் சொன்னார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் மனைவி பகலில் தூங்கி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாம்.

இதோடு நிறுத்தினால் பூங்காக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கியதாக ஆகிவிடும். மதிலுக்கு மறைக்கிற குணமும் உண்டு. பிடதியில் ரோட்டோரக் கடைகளில் தட்டு இட்லி கிடைக்கிறது. சிறு தட்டு அகலத்துக்கு மெத்தென்று ஓர் இட்லி. பெங்களூரிலிருந்து மைசூர் போகிறவர்கள் அதற்காகவே வண்டியை நிறுத்துவார்கள். அதே ரோட்டில் மேலே போனால் ராமநகரம். 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படத்தில் பார்த்த பாறைக் குன்றுகள் அங்கேதான் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளிச் சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றிப் பொம்மை செய்கிற ஊர். ஒரு வெள்ளைக் கட்டை, கடைசல் பட்டறையில் சுழன்று சுழன்று, கண்ணெதிரே சிவப்புப் பம்பரமாக மாறுவதை ஒரு குழந்தை பார்க்க வேண்டும். ராட்டினத்தில் தான் சுழல்வதைவிட அதற்கு அது பெரிய அதிசயமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். நண்பரின் பிள்ளைகளிடம், "நீங்கள் போன ஊரின் பெயர் என்ன?" என்று கேட்டேன். "வொண்டர்லா" என்றார்கள். ராட்டினங்களின் பெயரை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்கள். பிடதி என்ற பெயரைக் கேள்விப்படவே இல்லை.

கதை எழுதுகிறவன் என்பதால் ரோட்டோர லாட்ஜை நான் அழகுபடுத்திவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். அவற்றில் நிறையத் தங்கியிருக்கிறேன். இரவெல்லாம் லாரிச் சத்தம், சொட்டுகிற குழாய், சரியாக விழாத தாழ்ப்பாள். தாழ்ப்பாள் விழாத அறையில் ஆண்பிள்ளை குறட்டை விடுவான். மனைவி நாற்காலியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விழித்திருப்பாள். ஊர் பார்க்கிற பாக்கியத்தை அவளுடைய தூக்கத்தைக் கொடுத்து வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்கிறவர்களிடம், ஒரு பகல் பூங்காவுக்கு, மறு பகல் ஊருக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுகிறேன். பெரும்பாலும் அவர்கள் இரண்டு பகலும் பூங்காவுக்கே போகிறார்கள்.

எனக்குச் சமாதானமாகாத விஷயம் வேறொன்று. ஃபிளாரிடாவில் டிஸ்னி விடுதிகளில் தங்குவோரை மற்றவர்களுக்கு அரைமணி முன்னதாகவே பூங்காவுக்குள் விடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் யூனிவர்சல் பூங்காக்கள் இரண்டில், விலை உயர்ந்த சில விடுதிகளில் அறை எடுத்தவருக்கு வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டு வாடகையோடு சேர்ந்தே வருகிறது. டிஸ்னியில் 1999-ல் விரைவுச் சீட்டு என்று ஒன்று கொண்டுவந்தபோது அது இலவசம்; உள்ளே வந்தவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2021-ல் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். நம் வொண்டர்லாவிலும் அதிகப் பணம் கொடுத்தால் விரைவாகப் போகிற டிக்கெட் உண்டு. இதற்காக அமெரிக்காக்காரனைத் திட்ட நமக்கு யோக்கியதை கிடையாது. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்புத் தரிசனம் இருக்கிறது. எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் தர்ம தரிசனத்துக்கு ஒரு வழி, காசுக்கு ஒரு வழி.

உள்ளே அறை எடுக்கிறவன் பிறத்தியாரிடமிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்வதில்லை. அவன் கட்டிலில் அவன் படுக்கிறான். வரிசையில் முந்துகிறவன் அப்படி அல்ல. பின்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறான். எடுத்தது அவர்களிடம், விலை கொடுத்தது கம்பெனியிடம். ஒருவன் தோட்டத்து மாங்காயைப் பறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரனிடம் காசு கொடுக்கிற மாதிரி இருக்கிறது இந்த வியாபாரம். படுக்கையையும் முந்துகிற உரிமையையும் ஒரே வாடகையில் கட்டிக் கொடுக்கும்போது, கிழவியின் முழங்காலுக்காக அறை எடுத்த நல்ல மனிதனும் தெரியாமலே மாங்காய் பறித்தவனாகிவிடுகிறான்.

இதை நண்பரிடம் சொன்னேன். "ஏன் சார், நம் மின்சார ரயிலிலேயே முதல் வகுப்பு இருக்கிறதே?" என்றார்.

"இருக்கிறது. ஆனால் முதல் வகுப்புப் பெட்டியும் மற்றப் பெட்டிகளும் ஒரே நிமிஷத்தில்தானே சென்ட்ரலுக்குப் போய்ச் சேருகின்றன? அவர் வாங்கியது இடம். உங்கள் நேரத்தை வாங்கவில்லையே!"

"எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட்டுச் சில நாள் நம் வண்டியை நடுவழியில் நிறுத்தி வைக்கிறார்களே, அது?"

ரயில்வேக்காரரிடம் ரயிலை உதாரணம் காட்டியிருக்கக் கூடாது. நெடுந்தூரம் போகிறவருக்கு வழி விடுவது ஒரு நியாயம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பிடதியில் நடந்த ஒன்றைச் சொன்னார். ரோலர் கோஸ்டருக்காக நாற்பது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார்களாம். பக்கத்து வழியாக ஒரு குடும்பம் விறுவிறுவென்று முன்னால் போயிற்று. "அவங்க மட்டும் ஏம்ப்பா முன்னாடி போறாங்க?" என்று சின்னவன் கேட்டான். "அவங்க அதிகமாப் பணம் கொடுத்திருக்காங்கடா" என்றார் இவர். பையன் அந்தக் குடும்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்போ நாம குறைச்சலாக் கொடுத்துட்டோமா?" என்று கேட்டான்.

இவர் வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டதாம்.