புரட்டிப் பார்த்து வாங்குவது

குறைந்த செலவில் வீட்டை அழகாக்க வழி கேட்டால் இன்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: காயலான் கடைக்குப் போ, பழையதை வாங்கு, பெயின்ட் அடி, புதிதாக்கு. மறுபயன்பாடு என்ற பெயர்தான் புதிது. பழைய புடவையைத் திரையாக்கியும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பைக் கொட்டி வைத்தும் நம் வீடுகள் வெகுகாலமாகச் செய்துவருவதுதான். பதிலில் தவறில்லை, ஆனால் அது பாதிப் பதில். பழையது என்பதாலேயே ஒரு பொருள் சிக்கனமாகிவிடாது. மலிவாகக் கிடைத்த முக்காலி ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கி, ஆணியும் பிடிக்காமல் பசையும் ஒட்டாமல் குப்பைக்குப் போனால், கொடுத்த காசு தண்டம். பழசை வாங்குவதில் லாபம் இருக்கிறதா என்பதை, அந்தப் பொருளைக் கழற்றிப் பழுதுநீக்கி மறுபடி சேர்க்க முடியுமா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். விலையும் அழகும் அதற்கு அடுத்தபடி.

இதை அறிய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். பழைய தேக்கு நாற்காலியில் கால், சட்டத்துக்குள் செருகப்பட்டிருக்கும். பல நாற்காலிகளில் அந்த மூட்டின் குறுக்கே ஒரு மரமுளையும் இருக்கும். மூட்டு தளர்ந்தால் தச்சர் தட்டிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதிதாக ஒட்டிக் கயிறு கட்டி இறுக்கி வைப்பார். பிரம்பு அறுந்தால் பிரம்பை மட்டும் மாற்றலாம். சட்டத்தின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகள் பின்னல் கோப்பதற்காகவே போட்டவை. கீறல் விழுந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசலாம். இரும்பு பீரோவும் அப்படித்தான். நெளிவைத் தட்டி எடுத்து, பூட்டை மாற்றி, வேறு நிறம் அடித்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பார்ட்டிக்கிள் போர்டில் இதெல்லாம் நடக்காது. மரச்சிம்புகளையும் தூளையும் பிசினில் கலந்து அழுத்திய பலகை அது. திருகு ஒருமுறை பிடிவிட்டால் அதே துளையில் மறுபடி உறுதியாக நிற்பது அரிது. தண்ணீர் பட்ட ஓரம் உப்பும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. வீடு மாற்றுகிறவர்கள் தள்ளிவிடும் பொருள்களில் இந்த ரகமும் ஏராளமாகச் சேர்ந்துவிட்டதால், பழைய சாமான் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

இதே அளவுகோலை வாங்கிய பிறகு நாம் செய்யும் வேலைக்கும் பொருத்த வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய கதவு, தூண், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் எல்லாம் கிடைக்கின்றன. அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் வந்த தேக்கு அந்தக் கதவுகளில் பலவற்றில் இருக்கிறது. அப்படி ஒரு கதவை அறுத்து நான்கு கண்ணாடிச் சட்டமும் இரண்டு சாவி மாட்டியும் செய்து அதற்கு மறுபயன்பாடு என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. நாலு கால் அடித்த சட்டத்தின்மேல் கதவைக் கிடத்தி, செதுக்கு வேலைக்கு மேல் கண்ணாடி போட்டால் சாப்பாட்டு மேசை தயார். வேண்டாத நாளில் அது மறுபடி கதவாகிவிடும். தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் காலில் கடப்பா கல் பொருத்துகிறவர்கள் இதைச் சரியாகச் செய்கிறார்கள். ஸ்பேனரை எடுத்தால் கல் தனி, கால் தனி.

இப்படி வாங்குவதாலேயே பழைய வீடுகள் இடிகின்றன என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும், பின்னர் அங்கிருந்த சொத்துகள் கைவிட்டுப் போனதும், ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகியதும், கூரை ஓடு மாற்றக்கூடப் பணமில்லாமல் போனதும்தான் செட்டிநாட்டு வீடுகளைச் சாய்த்த முதன்மையான காரணங்கள். இடிந்த வீட்டின் மரம் விறகாவதைவிட மேசையாவது மேல். ஆனாலும் தூணுக்கு நல்ல விலை என்று தெரிந்த பிறகு, தயங்கிக்கொண்டிருந்த பங்காளியின் மனமும் இடிக்கும் பக்கம் சாயத்தான் செய்யும். அதனால் சிக்கனம் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் தன் ஊரில் இடித்த சாதாரண வீடுகளின் மரத்தை விற்கும் கடை. காரைக்குடிக் கடைகளின் விலையும் இப்போது ஏழைக்கு எட்டுவதில்லை. சிலைகள் பக்கமே போகக் கூடாது. நூறாண்டு கடந்த சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற கேள்வியும் அவற்றோடு சேர்ந்தே வரும்.

யாரோ புழங்கிய கட்டில் நமக்கு எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய நகையை அழித்துச் செய்த சங்கிலியில் எத்தனை வீட்டுத் தங்கம் கலந்திருக்கிறது என்று அவர்களே கேட்பதில்லை. இருந்தாலும் மனசு ஒப்பாத கட்டிலில் யாருக்கும் தூக்கம் வராது. கட்டிலை விட்டுவிட்டு மேசையை வாங்கலாம். மூட்டைப்பூச்சி பற்றிய பயம் அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த சோஃபாவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மரச் சாமானில் மூட்டு இடுக்கு, இழுப்பறையின் அடி, ஆணித்தலைச் சுற்று ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குண்டூசித் துளைகள் இருந்து, கீழே மாவுபோல் புதுத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே புழு இன்னும் தின்றுகொண்டிருக்கக்கூடும். வைரம் பாய்ந்த தேக்கில் இது அரிது. வெளிறிய ஓர மரத்தில்தான் பெரும்பாலும் வரும். ஆபத்து என்றே பலர் நினைக்காதது பழைய பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து குழந்தையின் வாய்வரை போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும், அல்லது பூச்சில்லாத மரமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மிஞ்சுவது கூலி. பிரம்பு பின்னவும் பாலிஷ் போடவும் ஆகும் செலவு, சில சமயம் நாற்காலியின் விலையைத் தாண்டிவிடும். மறுக்க முடியாது. ஆனால் ஒப்பிட வேண்டியது எதோடு என்பதில் பலர் தவறுகிறார்கள். பழுதுபார்த்த தேக்கு நாற்காலியின் மொத்தச் செலவைப் பார்ட்டிக்கிள் போர்டு நாற்காலியோடு ஒப்பிட்டால் தோற்கும். புதிதாகச் செய்யும் தேக்கு நாற்காலியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஜெயிக்கும். கூலியைத் தச்சரிடம் கேட்டுவிட்டு அதன் பிறகு கடைக்காரரிடம் விலை பேசுவது நல்லது. இரண்டும் சேர்ந்து புதுத் தேக்கின் விலையைத் தொட்டால் அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.