பிள்ளைகள் கேட்கும்போது



யோசுவா நூலிலிருந்து நாம் கேட்ட வாசகத்தில், மக்கள் எல்லாரும் யோர்தானைக் கடந்து கரையேறிவிட்ட பிறகு ஒரு வேலை நடக்கிறது. குலத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் திரும்பவும் ஆற்றுக்குள் இறங்குகிறார்கள். உடன்படிக்கைப் பேழையோடு குருக்கள் நின்ற இடத்திலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் தூக்கி வருகிறார்கள். தோளில் தூக்க வேண்டியிருந்தது என்றால் அது உள்ளங்கையில் அடங்குகிற கூழாங்கல் அல்ல. அதில் செதுக்கு வேலையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. ஆற்றடியில் கிடந்த வெறும் கல். கில்காலில் அவற்றை நாட்டிவிட்டு யோசுவா மக்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அப்போது ஆண்டவர் நம்மை எப்படிக் கரையேற்றினார் என்று சொல்லுங்கள்.

கல்லறைத் திருநாள் மாலை வழிபாட்டுக்கு வழக்கமாக யாரும் இந்த வாசகத்தை எடுப்பதில்லை. கல்லைச் சுற்றி நாம் கூடுகிற நாள் இது என்பதால் நான் விரும்பி எடுத்தேன்.

மனிதன் எழுதக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே கல் நாட்டக் கற்றுக்கொண்டான். துருக்கியின் தென்கிழக்கில், உர்ஃபா நகரத்துக்குப் பக்கத்தில் கோபெக்லி தெபே என்று ஒரு மேடு இருக்கிறது. 1995-இல் கிளாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அங்கே தோண்டத் தொடங்கினார். மண்ணுக்கடியிலிருந்து வட்ட வட்டமாக நிறுத்திய தூண்கள் வெளிவந்தன. நடுவில் நிற்கும் இரண்டு தூண்கள் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். வயது ஏறத்தாழ 11,500 ஆண்டு. பானை வனையத் தெரியாத, உலோகக் கருவி எதுவும் இல்லாத மக்கள் கல்லைக் கொண்டே கல்லை வெட்டி நிறுத்தியவை. நரி, தேள், பாம்பு, கழுகு எல்லாம் அவற்றில் செதுக்கியிருக்கிறது.

நடுத்தூண் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தால், அதன் இரு பக்கங்களிலும் மடக்கிய கைகள் தெரியும். நீண்ட விரல்கள் முன்பக்கமாக வந்து வயிற்றின்மேல் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. இடுப்பில் பட்டை. பட்டைக்குக் கீழே நரித்தோல் ஒன்று தொங்குகிறது, வாலோடு. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர்கள் முகத்தை மட்டும் வைக்கவில்லை. கண் இல்லை, வாய் இல்லை. அது தெய்வமா, குலத்தின் மூதாதையா என்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஒருவரும் மிச்சமில்லை.

அந்த மேட்டில் நின்றால் தெற்கே விரிவது காரான் சமவெளி. ஆம், நம் ஆபிரகாம் தந்தையோடு வந்து தங்கிய அதே காரான். யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து ஓடும்போது போய்ச் சேர வேண்டிய ஊரும் அதுதான். வழியில் பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினார், ஏணியைக் கனவில் கண்டார், விடிந்ததும் அந்தக் கல்லை நிமிர்த்தி நிறுத்தி எண்ணெய் ஊற்றினார். அவர் காரானில் லாபானுடைய ஆடுகளை மேய்த்த காலத்தில், அந்தத் தூண்கள் மண் மூடிப் பல ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தன. யாக்கோபின் கல் என்ன கல் என்று நமக்குத் தெரியும். அந்தத் தூண்கள் என்னவென்று தெரியாது. யாக்கோபின் கல் இன்று நம் கையில் இல்லை. தூண்கள் அப்படியே நிற்கின்றன. தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லி வந்ததுதான் வித்தியாசம்.

சொல்ல ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் உள்ள கார்னாக் ஊரைப் பார்க்கலாம். அங்கே ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வயது ஆறாயிரம் ஆண்டுக்கும் மேல். ஊர்மக்கள் அதற்கொரு கதை வைத்திருக்கிறார்கள்: திருத்தந்தை புனித கொர்னேலியுவை உரோமைப் படைவீரர்கள் துரத்திவந்தார்களாம், அவர் திரும்பிப் பார்த்தாராம், படை முழுவதும் நின்ற நிலையில் கல்லாகிவிட்டதாம். கொர்னேலியு மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கற்களோ அவருக்கு நாலாயிரம் ஆண்டுக்கு மூத்தவை. இந்தக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், பெரியவர்களிடம் பதில் இல்லை, ஆனாலும் வாயடைத்து நிற்க மனமில்லாமல் தங்கள் பாதுகாவலரையே கதைக்குள் கூட்டி வந்திருக்கிறார்கள்.

விசுவாசம் அறியாதவர்கள் நட்ட கல்லைப் பற்றி இன்று எதற்குப் பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று ஒரு கல்லறை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு 3,200 ஆண்டு முன்பு கட்டியது. பெரிய வட்டமான மேடு. உள்ளே பத்தொன்பது மீட்டர் நீளத்துக்குக் கல்லாலான ஒடுங்கிய வழி. அதன் கோடியில் ஓர் அறை. அந்த அறையில் இறந்தோரின் எரிந்த எலும்புகள் கிடைத்தன. வாசலுக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு உண்டு. அது எதற்கு என்று சோதித்துப் பார்க்க, ஆய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளே போய் இருட்டில் உட்கார்ந்தார். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாட்கள் அவை. சூரியன் எழுந்த சில நிமிடத்தில் ஒரு கீற்று அந்தத் திறப்பு வழியாக நுழைந்து, தரையோடு ஊர்ந்து, இறந்தோர் அறை வரை எட்டியது. பதினேழு நிமிடம். பிறகு இருட்டு.

தங்கள் வீட்டு இறந்தவர்களுக்கு ஒளி போய்ச் சேரவேண்டும் என்று விரும்பாமல் யாரும் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நான்காம் நற்கருணை மன்றாட்டில், யாருடைய விசுவாசத்தை இறைவன் ஒருவரே அறிவாரோ, அந்த இறந்தோருக்காகவும் திருச்சபை வேண்டிக்கொள்கிறது. அதைச் சொல்லும்போது நான் இவர்களையும் நினைத்துக்கொள்வதுண்டு.

மீண்டும் கில்காலுக்கு வருவோம். அங்கே என்ன ஆனது தெரியுமா? யோசுவாவுக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஆமோஸ் வருகிறார், ஓசேயா வருகிறார். இருவருமே கில்காலைக் கடுமையாகத் திட்டுகிறார்கள். அங்கே போகாதீர்கள் என்கிறார் ஆமோஸ். அங்கே பலி குறைவில்லாமல் நடந்தது, காணிக்கை விழுந்தது, கூட்டம் கூடியது. அடிமைகளாய் இருந்த நம்மை ஆண்டவர் கரையேற்றினார் என்ற செய்தி மட்டும் காணாமல் போய்விட்டது. அது தெரிந்திருந்தால், ஆமோஸ் சாடுவதுபோல், ஏழையை ஒரு சோடி மிதியடிக்கு விற்றிருக்க மாட்டார்களே!

எசேக்கியா அரசர் நாட்டிலிருந்த சிலைத்தூண்களை உடைத்தார். அதோடு நிற்கவில்லை, மோசே செய்த வெண்கலப் பாம்பையும் உடைத்தார். மோசேயே செய்தது, பாலைவனத்தில் உயிர் காத்தது! மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். காத்தவரை விட்டுவிட்டுப் பாம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

நெகேவ் பகுதியில் ஆராது என்ற இடத்தில், யூதா அரசின் கோட்டைக்குள் ஒரு சிறு ஆலயத்தை அகழ்ந்திருக்கிறார்கள். உள்ளறையில் தலை வளைந்த ஒரு நடுகல், படியில் இரண்டு தூபப் பீடங்கள். ஒன்றில் சாம்பிராணியும் இன்னொன்றில் கஞ்சாவும் எரித்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. சிரிக்காதீர்கள், பீடச் சிறுவர்களே, நம் தூபக்கலசத்தில் அதெல்லாம் கிடையாது. நான் சொல்லவந்தது வேறு. அந்தப் பீடங்களை யாரும் உடைக்கவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து மண்ணிட்டு மூடியிருக்கிறார்கள். எசேக்கியாவின் சீர்திருத்தத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. தப்பாகிப்போன ஒன்றையும் இவ்வளவு மரியாதையாக ஓய்வெடுக்க வைத்த கைகளை எனக்குப் பிடித்திருக்கிறது.

யோசுவா வாசகத்தில் நாம் எளிதில் தாண்டிப் போகிற ஒரு வசனம் உண்டு: நான்காம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். கரையில் நாட்டியது போக, ஆற்றின் நடுவிலும் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டினார். பேழை கரையேறியதும் தண்ணீர் திரும்பி அவற்றை மூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கல்லை எதற்கு நாட்ட வேண்டும்? விளக்கவுரைகள் பலவிதமாகச் சொல்கின்றன. இந்தக் கடற்கரைப் பங்கில் நின்றுகொண்டு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. 2017 நவம்பரில் ஒக்கி புயலில் போய்த் திரும்பாதவர்களுக்கு இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. வெள்ளையடிக்கக் குழி இல்லை, செவ்வந்தி போட மேடை இல்லை. இன்று எல்லாரும் தத்தம் கல்லறைக்குப் போகும்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாத தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அம்மா, தண்ணீருக்கு அடியில் நிற்கிற கல்லையும் திருவிவிலியம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. கரையில் பன்னிரண்டு, ஆற்றுக்குள்ளும் பன்னிரண்டு. ஒன்றும் குறையவில்லை.

இப்போது மந்திரிப்புக்குப் போகிறோம். கடலில் போனவர்களின் குடும்பங்கள் குருசடிப் பக்கம் வந்து நில்லுங்கள். முதல் தீர்த்தம் அங்கேதான். பிறகு வரிசையாக வருவேன், கடைசிக் கல்லறைக்கு வந்துசேர நேரமாகும். அதுவரை போனை எடுக்காதீர்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, உள்ளே படுத்திருப்பது யார் என்று சொல்லுங்கள். சலவைக்கல்லில் பெயரும் தேதியும்தான் இருக்கிறது. தாத்தா எந்த வருடம் கட்டுமரத்தை விற்று மகளைப் படிக்கவைத்தார், குடியை எப்படி விட்டார், பாட்டி எந்த நோயில் எந்தச் செபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்பதெல்லாம் அதில் இல்லை. நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லவும் வேண்டாம். கரைபுரண்ட ஆற்றைச் சொன்னால்தானே கரையேறியதும் விளங்கும். பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டால் கேட்கட்டும். நான் வந்து நிற்கும்போது கதை பாதியில் இருந்தால் முடித்துவிட்டே சிலுவை அடையாளம் போடுங்கள், நான் காத்திருக்கிறேன்.